இருட்டில் எந்த வீடியோ கேமரா தேறும்? சென்சாரையும் லென்ஸையும் சேர்த்து ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

"1 இன்ச் சென்சார் கேமரா வாங்குவதா, ஏபிஎஸ்-சி வாங்குவதா? ராத்திரியில் எது நன்றாக எடுக்கும்?" வீடியோவில் புதிதாக இறங்குகிற யாரும் கேட்கிற கேள்வி. பெரிய சென்சார்தான் நல்லது என்று உடனே பதில் வந்துவிடும். அது பாதி உண்மைதான். அந்தப் பதிலை நம்பிக் கூடுதல் பணம் போட்டு பெரிய சென்சார் கேமரா வாங்கி, பெட்டியோடு வந்த லென்ஸையே மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், சின்ன சென்சார் கேமரா தந்திருக்கக்கூடிய படத்தைவிடக் கிரெயின் (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) அதிகமான படம் கிடைப்பது உண்டு. ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு விவரப் பட்டியலில் எதை நம்புவது, வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று போகலாம்.

1. உங்கள் இருட்டு எவ்வளவு இருட்டு?

ஒளியின் அளவை லக்ஸில் சொல்வார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள அலுவலகம் 300 முதல் 500. ராத்திரி வீட்டு ஹால் 50 முதல் 150. தெருவிளக்குள்ள சாலை 5 முதல் 20. ஒரு மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 1 லக்ஸ். முழு நிலவொளி அரை லக்ஸ்கூடத் தேறாது.

நம் கண் பழகிவிடுவதால் வீட்டு ஹால் வெளிச்சமாகத்தான் தெரியும். கேமராவுக்கோ அது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே வாங்குவதற்கு முன், நீங்கள் அதிகம் எடுக்கப்போகும் இடம் எது என்று தீர்மானியுங்கள். குழந்தைகளை வீட்டுக்குள் எடுப்பதும், கோயிலில் விளக்கொளியில் எடுப்பதும், பள்ளி ஆண்டு விழாவைக் கடைசி வரிசையிலிருந்து எடுப்பதும் மூன்று வேறு வேலைகள். மூன்றுக்கும் ஒரே கேமரா பொருந்தாது. ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். துல்லியம் இருக்காது, ஆனால் 10 லக்ஸா 100 லக்ஸா என்று தெரிந்துவிடும். அது போதும்.

2. சென்சாரின் பெயரை விட்டுவிட்டுப் பரப்பைப் பாருங்கள்

"1 இன்ச்", "1/2.5 இன்ச்" என்பவை பழைய டியூப் கேமரா காலத்து அளவுகள். கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைச் சொன்ன எண்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 1 இன்ச் சென்சாரின் மூலைவிட்டம் உண்மையில் 16 மி.மீ.தான். அதனால் மில்லிமீட்டரில் அகலத்தையும் உயரத்தையும் தேடிப் பெருக்கிக்கொள்ளுங்கள்:

ஃபுல் ஃப்ரேம்: 36 × 24, பரப்பு 864 சதுர மி.மீ.
ஏபிஎஸ்-சி, சோனி அளவு: 23.5 × 15.6, சுமார் 366
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13, சுமார் 225
1 இன்ச்: 13.2 × 8.8, சுமார் 116
1/1.3 இன்ச், இன்றைய விலையுயர்ந்த போன்களில் உள்ளது: சுமார் 72
1/2.5 இன்ச், ஹேண்டிகேம்களில் உள்ளது: சுமார் 25

பரப்பு ஏன் முக்கியம் என்றால், கிரெயினில் பெரும் பங்கு ஒளியிலிருந்தே வருகிறது. ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை, ஏறுமாறாக விழுகின்றன. துகள்கள் நிறையச் சேர்ந்தால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. குறைவாகச் சேர்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான்கு மடங்கு ஒளி சேர்ந்தால் கிரெயின் பாதியாகும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் உணர்திறன் எண்ணை, ஏற்றுவதால் ஒரு துகள்கூடக் கூடுதலாகச் சேராது. சேர்ந்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

3. லென்ஸைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒளி லென்ஸ் வழியாகத்தான் வரவேண்டும். லென்ஸ் எவ்வளவு ஒளியை விடும் என்பதை எஃப் எண் சொல்கிறது. எண் சிறிதானால் ஒளி அதிகம், அதுவும் வர்க்கக் கணக்கில். எஃப்/1.4, 2, 2.8, 4, 5.6 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும். அந்த ஒரு படியைத்தான் ஒரு ஸ்டாப் என்கிறோம். ஹேண்டிகேமில் கெயினை (ஐஎஸ்ஓ போலவே சிக்னலைப் பெருக்கும் அளவு) டெசிபலில் காட்டினால், 6 டெசிபல் என்பது ஒரு ஸ்டாப்.

இரண்டு கேமராவும் ஒரே காட்சியை, ஒரே சட்டகத்தில், ஒரே ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சென்சாரில் ஒளி விழும் நேரம்) எடுப்பதாக வைத்துக்கொண்டால், சென்சாரில் சேரும் மொத்த ஒளியை ஒப்பிட எளிய வழி உண்டு. சென்சாரின் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்துவிடுங்கள். இதை ஒளி மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம்.

சோனி இசட்வி-1 கேமராவில் 1 இன்ச் சென்சார், கூடவே பிரிக்க முடியாத எஃப்/1.8–2.8 லென்ஸ். சோனி இசட்வி-இ10 கேமராவில் ஏபிஎஸ்-சி சென்சார், பெட்டியோடு வரும் 16–50 லென்ஸ் எஃப்/3.5–5.6. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் தொடங்கி ஒரே நெருக்கத்தில் முடிகின்றன, ஆகவே ஒப்பிடுவது எளிது.

இசட்வி-1, அகலக் கோணத்தில்: 116 ÷ (1.8 × 1.8) = 36
இசட்வி-இ10, அகலக் கோணத்தில்: 366 ÷ (3.5 × 3.5) = 30
இசட்வி-1, முழு ஜூமில்: 116 ÷ (2.8 × 2.8) = 15
இசட்வி-இ10, முழு ஜூமில்: 366 ÷ (5.6 × 5.6) = 12

மூன்று மடங்கு பெரிய சென்சார் இரண்டு முனையிலும் பின்தங்குகிறது! பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் "பெரிய சென்சார்" என்று கொடுத்த பணம் இருட்டில் ஒன்றும் செய்யவில்லை. இப்போது அதே இசட்வி-இ10 மேல் சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை மாட்டுங்கள். 366 ÷ (1.4 × 1.4) = 187. பெட்டி லென்ஸின் ஜூம் முனையோடு ஒப்பிட்டால் 16 மடங்கு ஒளி, அதாவது நான்கு ஸ்டாப். ஐஎஸ்ஓ 12,800 தேவைப்பட்ட இடத்தில் 800 போதும். அந்த ஏபிஎஸ்-சி சென்சார் தன் வேலையைக் காட்டத் தொடங்குவது அப்போதுதான்.

ஒரே அளவு சென்சாருக்குள்ளும் இதே கதைதான். சோனியின் ஏஎக்ஸ்700 ஹேண்டிகேமிலும் 1 இன்ச் சென்சார்தான். ஆனால் 12 மடங்கு ஜூமுக்காக லென்ஸ் எஃப்/2.8–4.5 ஆகிவிட்டது. மதிப்பெண் அகலத்தில் 15, முழு ஜூமில் 6. அகலக் கோணத்தில் இசட்வி-1 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கிறது. 1/2.5 இன்ச் சென்சாருள்ள ஏஎக்ஸ்53 அகலத்தில் எஃப்/2, மதிப்பெண் 6. 20 மடங்கு ஜூமின் முனையில் எஃப்/3.8, மதிப்பெண் 2கூட இல்லை. கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா போனின் முதன்மைக் கேமரா எஃப்/1.7, மதிப்பெண் 25. வீட்டுக்குள் ஹேண்டிகேமைவிடப் போன் நன்றாக எடுக்கிறதே என்று பலர் ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான். பள்ளி ஆண்டு விழா மேடையைக் கடைசி வரிசையிலிருந்து நெருக்கமாக எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் கதை மாறும். போனின் ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது வேறொரு சின்ன சென்சார். அதற்குத் தனியாகக் கணக்குப் போடவேண்டும்.

நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் ஜூம் அளவில் மதிப்பெண் போடுங்கள். விளம்பரத்தில் எஃப்/1.8 என்று பெரிதாகவும், 2.8 என்று சிறிதாகவும் இருக்கும். முகத்தை நெருக்கமாக எடுக்கிறவருக்கு அந்தச் சின்ன எழுத்துதான் கணக்கு.

இந்த மதிப்பெண்ணுக்கு ஒரு விலையும் உண்டு. பெரிய சென்சாரில் எஃப்/1.4 வைத்தால் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. மாப்பிள்ளை முகம் தெளிவாகவும் பின்னால் நிற்கும் அப்பா மங்கலாகவும் வரும். வரிசையாக ஆட்கள் நிற்கும் காட்சியில் எஃப்/2.8க்குப் போக வேண்டியிருக்கும், அங்கே இரண்டு ஸ்டாப் போய்விடும்.

4. விவரப் பட்டியலில் எதை நம்புவது?

"குறைந்தபட்ச வெளிச்சம் இத்தனை லக்ஸ்" என்ற வரியை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். ஷட்டரை 1/25 நொடியாக மெதுவாக்கி, கெயினை உச்சத்தில் வைத்துச் சொல்லும் எண்ணாக அது இருக்கலாம். 0 லக்ஸ் என்று போட்டிருந்தால் அது அகச்சிவப்பு விளக்கோடு எடுக்கும் பச்சைப் படம். ஒரே நிறுவனத்தின், ஒரே காலத்துக் கேமராக்களுக்குள் மட்டும் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்கள் பல ஆண்டுகள் வைத்திருந்த சோனி பிடி170யை எடுத்துக்கொள்ளுங்கள். 1/3 இன்ச் சிசிடி (பழைய வகை சென்சார்) மூன்று, 1 லக்ஸ். அடுத்து 2004இல் எச்டிக்கு வந்த எஃப்எக்ஸ்1இலும் அதே 1/3 இன்ச் சிசிடி மூன்று. ஆனால் அதே இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பிக்சல்களைத் திணித்ததில் 3 லக்ஸ் ஆனது. மண்டபத்தில் இரண்டையும் கையாண்டவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டு மெகாபிக்சல் குறைவாக இருந்தால் எப்போதும் நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 4கே வீடியோவுக்கு 83 லட்சம் பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் கேமரா சென்சார் முழுவதையும் படித்து 6கே அளவிலிருந்து 4கேவுக்குச் சுருக்கினால், கிரெயினும் சேர்ந்து சுருங்கிவிடும். வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் கேமராவில்தான் சிக்கல், படிக்காத வரிசைகளில் விழுந்த ஒளி வீணாகிறது. ஆகவே மெகாபிக்சலைவிட "சென்சார் முழுவதையும் படிக்கிறதா" என்று கேளுங்கள். 12 மெகாபிக்சலில் நிற்கும் சோனி ஏ7எஸ் III போன்றவற்றுக்கு இன்னொரு நன்மை, சென்சாரை வேகமாகப் படித்து முடிக்கலாம்.

பின்புற ஒளி சென்சார் என்ற பெருமை எல்லா விளம்பரத்திலும் உண்டு. 2009இல் ஹேண்டிகேம்களில் எக்ஸ்மோர் ஆர் என்று சோனி கொண்டுவந்தபோது, உணர்திறன் சுமார் இரண்டு மடங்கு என்று சொன்னது. பொடிப் பிக்சல்களில் அது பெரிய மாற்றம்தான், ஏனென்றால் ஒளியை மறைத்த கம்பிகள் பின்னால் போய்விட்டன. ஃபுல் ஃப்ரேமில் பிக்சல் ஏற்கெனவே பெரிதாக இருப்பதால் அந்த அளவு ஆதாயம் கிடையாது. இன்றைக்கு ஒரே காலத்தில் வந்த சென்சார்களுக்குள் தொழில்நுட்பத்தால் மட்டும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் வருவது அபூர்வம். லென்ஸை மாற்றினால் நான்கு ஸ்டாப் என்று மேலே பார்த்தோம்.

இரட்டை ஐஎஸ்ஓ என்பதைக் கவனிக்கலாம், அது நிஜமாகவே உதவும். சென்சாருக்குள்ளேயே இரண்டு பெருக்கும் நிலைகள் இருக்கும். இருட்டுக்கான இரண்டாவது நிலையில், படிக்கும்போது சேரும் இரைச்சல் குறைவு. பானசோனிக் ஜிஎச்5எஸ் கேமராவில் 400, 2500. சோனி எஃப்எக்ஸ்3இல் எஸ்-லாக்3 என்ற பதிவு முறையை வைத்தால் 800, 12,800. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவில் 400, 3200. இதில் ஐஎஸ்ஓ 1000 வரை முதல் நிலை, 1250இலிருந்து இரண்டாவது நிலை. அதனால் 1000இல் எடுத்ததைவிட 1250இல் எடுத்தது சுத்தமாக இருக்கும். இது தெரியாமல் "ஐஎஸ்ஓ குறைவாக இருக்கட்டும்" என்று 1000இலேயே நிற்பது வீண்.

5. கிராப், ஃப்ரேம் எண்ணிக்கை

காசு கொடுத்து வாங்கிய சென்சார் பரப்பை மெனு சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்ளும் இடம் இது. கேனான் இஓஎஸ் ஆர் 4கே எடுக்கும்போது சுமார் 1.7 மடங்கு கிராப் ஆகும், அதாவது ஓரங்களை வெட்டிவிட்டுச் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். சோனி ஏ7 IV, 4கேவை நொடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தால் ஏபிஎஸ்-சி அளவுக்குச் சுருங்கும். பாதிக்கும் குறைவான பரப்புதான் மிஞ்சும். இசட்வி-இ10 24, 25 ஃப்ரேமில் முழுச் சென்சாரையும் பயன்படுத்துகிறது. 30 ஃப்ரேமுக்குப் போனால் 1.23 மடங்கு கிராப், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மின்னணு ஆட்டத்தடுப்பைப் போட்டாலும் ஓரங்கள் வெட்டுப்படும். உங்களுக்குத் தேவையான ஃப்ரேம் எண்ணிக்கையில் மிஞ்சும் பரப்பை வைத்து மதிப்பெண்ணைத் திரும்பப் போடுங்கள். ஸ்லோமோஷனுக்காக 50 ஃப்ரேமில் 1/100 ஷட்டர் வைத்தால் அதிலேயே இன்னொரு ஸ்டாப் போகும்.

6. ஷட்டர்: 50 ஹெர்ட்ஸ் ஊரில் 1/50

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/60 ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டைகள் ஓடலாம். கேமராவைப் பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி 25 ஃப்ரேம், 1/50 வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீரும். அமெரிக்காவிலிருந்து வாங்கி வரும் ஹேண்டிகேம்கள் பலவற்றில் 30, 60 மட்டுமே இருக்கும். அவற்றில் பட்டை ஓடினால் 1/100 வைக்க வேண்டிவரும், முக்கால் ஸ்டாப் அளவுக்கு ஒளி குறையும். இருட்டில் எடுக்கவே கேமரா வாங்குகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. அசையாத காட்சிக்கு, எரியும் குத்துவிளக்குக்கு, 1/25 வைத்து ஒரு ஸ்டாப் மிச்சம் பிடிக்கலாம். ஆட்கள் நடந்தால் இழுபடும்.

7. வீட்டிலேயே சோதியுங்கள்

நண்பரிடம் இரவல் வாங்கலாம், ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். கடையின் வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ராத்திரி ஒரு அறையில் ஒரே ஒரு எல்இடி பல்ப். அதன் முன் ஒருவரை உட்கார வையுங்கள். கறுப்பு முடி, கருநீலம் அல்லது மெரூன் துணி இருக்கட்டும், முடிந்தால் ஜரிகை வைத்த பட்டு. பக்கத்தில் பொடி எழுத்துள்ள ஒரு மருந்துப் பெட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர். கேமராவை முக்காலியில் நிறுத்தி, இரண்டிலும் சட்டகத்தை ஒன்றாக்குங்கள். எல்லாம் மேனுவல். 25 ஃப்ரேம், 1/50, அந்த ஜூமில் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, வொயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பு) பூட்டியது.

ஐஎஸ்ஓவை மட்டும் இரண்டிலும் ஒரே எண்ணில் வைக்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது ஒரே அளவில் இருப்பதில்லை. முகத்தின் வெளிச்சம் திரையில் ஒன்றாக வரும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஸீப்ரா கோடு (குறிப்பிட்ட வெளிச்சத்தைத் தொட்ட இடத்தில் திரையில் தெரியும் வரிகள்) இருந்தால் அதை முகத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம்.

பிறகு ஒளியைக் குறைத்துக்கொண்டே போங்கள். பல்பு முகத்திலிருந்து 1 மீட்டரில் இருக்கட்டும். 1.4 மீட்டருக்குத் தள்ளினால் ஒளி பாதி, 2 மீட்டரில் கால், 2.8 மீட்டரில் அரைக்கால். எஃப் எண் வரிசையேதான், காரணமும் அதே வர்க்கக் கணக்கு. வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பியனுப்புவதால் அறைக்குள் இது அச்சாக வராது, ஒப்பிட இது போதும். ஒவ்வொரு தூரத்திலும் முகத்தின் வெளிச்சத்தைத் திரும்பச் சமன்செய்து பதிவு செய்யுங்கள். முதலில் அவர் அசையாமல் இருக்கட்டும். அப்புறம் தலையைத் திருப்பி, கையை வீசி, எழுந்து நடக்கட்டும்.

8. எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

போன் திரையில் பார்க்காதீர்கள், எல்லாமே அழகாகத் தெரியும். டிவியில் முழுத்திரையில், ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்திப் பார்த்தால் பாதிக் குறைகள் மறைந்துவிடும்.

முதலில் ஜரிகையைப் பாருங்கள். ஆள் அசையாமல் இருக்கும்போது இழை இழையாகத் தெரிந்தது, கை அசைந்த நொடியில் வழவழவென்று மஞ்சள் பூச்சாகி, கை நின்ற பிறகு மெல்ல இழைகள் திரும்பி வந்தால், கேமரா கிரெயினை அழிக்க முன்பின் ஃப்ரேம்களைக் கலக்கிறது. "கிரெயினே இல்லை" என்று தோன்றும் படங்களில் இது நிறைய. எனக்கு அந்த மெழுகு முகத்தைவிடப் பொடியான கிரெயின் எவ்வளவோ மேல். கிரெயினைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம், அழிந்துபோன ஜரிகையை யாராலும் கொண்டுவர முடியாது.

அடுத்து கறுப்பு முடியும் பின்சுவரும். அங்கே கட்டம் கட்டமாக நெளிந்தால் அது சென்சாரின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். கிரெயின்தான் சுருக்குவதற்கு மிகக் கடினமான பொருள். பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) குறைவாக இருந்தால், வீடியோவைச் சுருக்கும் கோடெக் திணறிக் கட்டங்களாக்கிவிடும். பிட்ரேட்டை மெனுவில் உச்சத்தில் வைத்து மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். மெரூன் துணி பழுப்பாகவும், நிழலில் இருக்கும் கன்னம் ஊதாவாகவும் மாறும் தூரம் எதுவோ, அந்தக் கேமராவின் எல்லை அதற்கு முந்திய தூரம்.

9. ஃபோகஸ்

ஆள் நடந்து வரும் பதிவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறதா என்று பாருங்கள். எவ்வளவு இருட்டுவரை ஃபோகஸ் பிடிக்கும் என்று பட்டியலில் மைனஸ் 3 ஈவி, மைனஸ் 6 ஈவி என்று இருக்கும், ஒரு ஈவி என்பது ஒரு ஸ்டாப். மைனஸ் 3 என்றாலே சுமார் 0.3 லக்ஸ், நிலவொளி அளவு. ஆனால் ஏ7எஸ் IIIக்குச் சொல்லப்படும் மைனஸ் 6 எஃப்/2 லென்ஸுக்கானது. எஃப்/5.6 லென்ஸ் மாட்டினால் ஃபோகஸுக்கும் மூன்று ஸ்டாப் ஒளி குறைவாகத்தான் போகும்.

10. யாருக்கு எது?

வீட்டுக்குள் குழந்தைகள், சின்ன விசேஷங்கள், லென்ஸ் மாற்றும் எண்ணம் இல்லை என்றால் இசட்வி-1 போன்ற 1 இன்ச் கேமரா போதும், நல்ல போன் இருந்தால் அதுவும் தேவையில்லை. மண்டபம், கோயில், இரவுச் சாலை என்றால் ஏபிஎஸ்-சி உடலும் எஃப்/1.4 லென்ஸ் ஒன்றும். உடலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வெட்டி லென்ஸுக்குப் போடுங்கள், முந்தைய தலைமுறை உடலாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபுல் ஃப்ரேமுக்கு எஃப்/4 ஜூம் மட்டும் வாங்க முடியும் என்றால் மதிப்பெண் 54தான். ஏபிஎஸ்-சியின் 187 அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆண்டு விழாவுக்குக் கடைசி வரிசை என்றால் ஹேண்டிகேமின் ஜூமுக்கு மாற்று கிடையாது. மேடை விளக்கு பிரகாசமாக இருக்கும் என்பதால் அங்கே மதிப்பெண் குறைந்தாலும் சமாளிக்கலாம். முகம் வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும்.

சொந்த வீட்டு விசேஷம், விளக்குப் போட யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்றால், கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு சின்ன எல்இடி பேனலை வாங்குங்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்குக் குறையாமல் பாருங்கள். முகத்தில் 10 லக்ஸ் இருக்கும் இடத்தை அது 40 ஆக்கினால் இரண்டு ஸ்டாப் கிடைத்துவிடும், எஃப்/2.8 லென்ஸை எஃப்/1.4 ஆக மாற்றியதற்குச் சமம். கேமரா தலையில் மாட்டினால் முகம் தட்டையாகும், கண் கூசும். பக்கவாட்டில் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே வைத்து, வெள்ளைச் சுவரில் அல்லது கூரையில் அடித்துத் திரும்பும் ஒளியைப் பயன்படுத்துங்கள்.